கடைமடைக் கணக்கு

எங்கள் பக்கத்தில் ஒருவனைத் திட்டுவதற்குப் பெரிய கெட்ட வார்த்தையெல்லாம் தேட வேண்டாம். ‘தலைமடைக்காரன்’ என்றால் போதும். வாய்க்காலின் தலையில் நிலம் வைத்திருப்பவன் தலைமடைக்காரன். தண்ணீர் முதலில் அவனுக்குத்தான். வாலில் வைத்திருப்பவன் கடைமடைக்காரன். மிச்சம் மீதி இருந்தால் அவனுக்கு. கீழ்வேளூர் தாண்டி, கடல் காற்று மூக்கில் ஏறுகிற தூரத்தில் எங்கள் ஊர். ஆகவே நான் எந்தப் பக்கம் நின்று இதைச் சொல்கிறேன் என்பதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

என் அப்பா அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர். பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. வாய்க்கால் தகராறு என்றால் முதல் ஆளாக நிற்பார். வீட்டிலோ வேறு மாதிரி. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் வயலிலிருந்து வந்தவர் தலைத்துண்டை உதறிவிட்டு எட்டிப் பார்ப்பார். “தப்பு” என்பார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். சில நாள் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போவார். மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்தது இந்த வம்பு. பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கினேன். “திருத்துனவன் தப்பாத் திருத்திட்டான்” என்று டீக்கடையில் சொல்லிவிட்டு, அங்கே இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தரம் ‘சரி’ என்று சொன்னால் வாய் வெந்தா போய்விடும்?

சரி, கதைக்கு வருகிறேன். அந்த வருஷங்களில் எங்கள் வட்டாரத்தில் நெல்லைவிட நன்றாக விளைந்தவை பொறியியல் கல்லூரிகள். வீட்டுக்கொருவர் சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பினார்கள். மிச்சமிருந்த பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துச் சென்னை, பெங்களூர் என்று கிளம்பினார்கள். அவர்களைக் கிளப்பிவிடுவதற்காக வயலுக்கு நடுவே நாலு மாடிக் கட்டடங்கள் எழும்பின. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய லேப். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள் என்பதற்காகவே வாங்கி அடுக்கிய சிஸ்டங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் பூப்போட்ட துணி உறை. கல்யாணப் பெண்ணைக்கூட அப்படிப் போர்த்தி வைக்கமாட்டோம். கோடை விடுமுறை வந்தால் லேபைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிடுவார்கள்.

நான் அப்படி ஒரு கல்லூரியில், நாகப்பட்டினம் பக்கத்தில், பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். கடல் உப்பு நிலத்துக்கு அடியில் எவ்வளவு தூரம் ஏறி வருகிறது, இனிமேல் எந்தெந்த ஊரில் போர்க்கிணற்றுத் தண்ணீர் கெடும் என்று கணிப்பது என் ஆராய்ச்சி. டெல்டாவின் அடிவயிற்றை மைசூர்பாகு வெட்டுகிற மாதிரி வில்லை வில்லையாக வெட்டி, ஒவ்வொரு வில்லைக்கும் கணக்குப் போட வேண்டும். பக்கத்து வில்லையில் உப்பு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டுத்தான் அடுத்த வில்லை நகரும். ஒரே ஒரு லேபை வைத்து ஓட்டினால் அது முடிவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும். பல லேப்களைச் சேர்த்து ஓட்டினால் ஒரு கோடை விடுமுறைக்குள் முடியும். ஆனால் எல்லாம் ஒன்றாக ஓட வேண்டும். ஒரு லேப் நின்றாலும் மொத்தமும் நின்று காத்திருக்கும்.

அந்தக் கோடைக்குள் முடிந்தே ஆக வேண்டிய நிலைமை எனக்கு. உதவித்தொகை அதோடு நிற்கிறது. ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம், ஆய்வேட்டைக் காட்டினால் இடம் தருகிறோம் என்று சொல்லியிருந்தது. காட்டாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு. அப்புறம் நானும் பெங்களூருக்குப் பஸ் ஏறி, எவருடைய கம்பெனிக்கோ பில் போடுகிற புரோகிராமில் பிழை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இது போதாதென்று அப்பா, நான் ஜெர்மனி போவதாக ஊர் பூராவும் சொல்லி வைத்துவிட்டார். மாதா கோயில் உபதேசியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம், எப்போது கிளம்புகிறாய், கிளம்புமுன் ஒரு பூசைக்குச் சொல்லிவிடு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் என் கைடு வருகிறார். தங்கமான மனுஷர். பிறந்தது கும்பகோணம் பக்கம் தலைமடை. வேலைக்கு வந்தது எங்கள் கடைமடை. மதம் மாறியவருக்குப் பக்தி அதிகம் என்பார்களே, அந்த மாதிரி எங்களைவிடக் கெட்டியான கடைமடைக்காரர் ஆகிவிட்டார். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாங்கள் என்று நான்கு கல்லூரிகளின் லேப்களையும் ஒரே கம்பியில் கோத்துவிட்டால், யாருக்குப் பெரிய கணக்கு இருந்தாலும் எல்லாருடைய சிஸ்டங்களையும் உபயோகித்துக்கொள்ளலாம் என்ற யோசனை அவருடையதுதான். நடையாய் நடந்து எல்லாரையும் சம்மதிக்க வைத்தார். அதற்காக அவருக்கு நான் சாகும்வரை கடமைப்பட்டவள். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் அவரைக் கிண்டல் பண்ணப்போகிறேன்.

எப்படிப் பகிர்வது என்று பேசத் தஞ்சாவூரில் கூட்டம் போட்டார்கள். உண்மையில் பேச ஒன்றுமே இல்லை. யார் வேலை கொடுத்தாலும் வாங்கி, எந்த சிஸ்டம் சும்மா இருக்கிறதோ அதற்கு அனுப்புகிற ஏற்பாடு அந்த மென்பொருளிலேயே இருந்தது. உலகத்தில் எல்லாப் பல்கலைக்கழகங்களும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தன. எங்கள் பேராசிரியர்களுக்கு அது ஒப்பவில்லை. மிஷின் பங்கு பிரித்துக் கொடுப்பதாவது? ஆள் நிற்காமல் மதகு தானே திறந்து தானே மூடிக்கொள்ளுமா? எல்லாரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், ஆனால் எல்லாரும் வயல் வீட்டுப் பிள்ளைகள். யாரோ ஒருவர் “முறை வெச்சுக்கலாமே” என்றார். அறையே மூச்சு விட்டது. அப்பாடா, தெரிந்த வார்த்தை வந்துவிட்டது. இத்தனை நாள் ஒரு கல்லூரிக்கு, அப்புறம் அடுத்த கல்லூரிக்கு, முறைக்காரருக்கு நான்கு லேபும் சொந்தம். எந்த வரிசையில் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. ஆறு ஓடுகிற வரிசை. முதலில் தஞ்சாவூர், கடைசியில் நாங்கள்.

நான் கணக்கை ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். தஞ்சாவூர் முறை போயிற்று, கும்பகோணம் போயிற்று, திருவாரூரும் போயிற்று. எங்கள் முறை வந்தது, தண்ணீர்தான் வரவில்லை.

திரையில் மேலே இருக்கிற மூன்று லேபும் ‘வேலையில் இருக்கிறது’ என்றே காட்டிக்கொண்டிருந்தன. எங்கள் லேப் மட்டும் நன்றாக உறுமிக்கொண்டிருந்தது. நம்முடையதாவது என் கணக்கை வாங்கிக்கொண்டு மற்ற மூன்றுக்காகக் காத்திருக்கிறதே என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். போன் போட்டேன். எல்லாரும் தேன் ஒழுகப் பேசினார்கள். இன்னும் கொஞ்சம் வேலை பாக்கியம்மா, இன்றைக்கு விட்டுவிடுகிறோம், நாளைக்கு விட்டுவிடுகிறோம். கைடு, தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். பேசினார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு புள்ளி நகரவில்லை. கல்லூரி திறக்கிற தேதி மட்டும் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தது. நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அம்மா மீன்குழம்பில் காரம் போலிருக்கிறது என்று மோர் கொண்டுவந்து வைத்தாள்.

அப்பாதான் விசாரித்தார். எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். எனக்கு முறை வந்தும் மேலே இருக்கிறவர்கள் விடவில்லை. அதற்கு மேல் அவருக்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை.

“தண்ணி வரலேன்னா ஊட்ல குந்திக்கிட்டு போன் பண்ணுவாங்களா? மேல போயி மதகுல உக்காரு.”

எங்கள் ஊர் வழக்கம் அதுதான். முறைத் தண்ணீர் வராவிட்டால் ஆம்பளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே போவார்கள். எங்கே அடைத்திருக்கிறதோ அந்த மதகின் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். சண்டை கிண்டை இல்லை. உட்காருவார்கள். அடைத்தவன் வெட்கப்பட்டு வந்து திறக்கும்வரை உட்காருவார்கள். நானும் வர்றேன் என்று வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார் அப்பா. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். மம்பட்டி எடுத்துக்கவா என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பார் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

திருவாரூரில் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தவர் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர், என் வயதுதான் இருக்கும். அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவரை ஒரு சுற்று சுற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தது. அப்படியே உட்கார்ந்துகொண்டார். நான் திரையைப் பார்த்தேன். அத்தனை சிஸ்டங்களிலும் ஒரே வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் பெருக்கும், விடையைத் தூக்கி எறியும், மறுபடி அதையே பெருக்கும்.

என்ன சார் இது என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. துறைத்தலைவர் போடச் சொன்னாராம். முறை முடிந்ததும் சும்மா விட்டுவிட்டால், இவர்களுக்குத்தான் வேலை இல்லையே என்று அடுத்த வருஷம் நாளைக் குறைத்துவிடுவார்களாம்.

எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா தெரியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. டெல்டாவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் புரியும். வயலுக்குத் தேவையோ இல்லையோ, முறை வந்தால் தண்ணீரைக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கீழே விட்டாயோ, உனக்குத்தான் வேண்டாமே என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் தண்ணீரைக் கட்டினால் வயலிலாவது நிற்கும். சிஸ்டத்தின் நேரத்தை எந்த வரப்புக்குள் கட்டுவது? போன நிமிஷம் போனதுதான். வைக்கோல் போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது. இந்த நாயோ கரெண்டையும் தின்றுகொண்டிருந்தது.

டீ வந்தது. அப்பா குடித்தார். இன்னொரு டீ வந்தது. அதையும் குடித்தார். கிளம்பத்தான் இல்லை. விரிவுரையாளர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எழுந்து போய்ப் பெருக்கலை நிறுத்தினார்.

கும்பகோணத்திலும் அதே பெருக்கல்தான், டீக்குப் பதில் காபி. அங்கே இருந்த பேராசிரியருக்கு அரசலாற்றங்கரையில் நிலமாம். அவரும் அப்பாவும் குறுவை விதையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, தலைமடையும் கடைமடையும் கூட்டாகச் சேர்ந்து கர்நாடகத்தைத் திட்டி முடித்தபோது அந்த லேபும் திறந்துவிட்டது.

தஞ்சாவூருக்குப் போனபோது எனக்கு நல்ல ரோஷம் ஏறியிருந்தது. என்னென்ன கேட்பது என்று பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அங்கே லேப் பொறுப்பில் ஒரு மேடம். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபைக் குடும்பம். கோபத்தைக்கூட ஜெபம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்வார். நான் படபடவென்று கொட்டியதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். தலைமடைப் புத்தி என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் பெருக்கலை நிறுத்திவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார்.

“எங்க முறை ஆரம்பிச்ச அன்னிக்கே உங்க லேப் மிஷின் ஒண்ணுகூட எங்களுக்குக் கிடைக்கலைம்மா. இந்த நிமிஷம் வரைக்கும் கிடைக்கலை. நீங்க கட்டினதைப் பாத்துத்தான் நாங்க கட்டினோம். எங்களைப் பாத்து மத்தவங்க.”

பார்த்தேன். எங்கள் லேப். என் கைடின் பெயரில் ஒரு வேலை. ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் பெருக்கிக்கொண்டிருந்தது. முதல் நாளிலிருந்து. இத்தனை நாளும் ஏதோ என் கணக்குத்தான் காத்திருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து அந்த உறுமலைக் கேட்டு ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேனே, அடப்பாவி மனுஷா! எனக்குக் காது வரை சுட்டது. வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்வியையெல்லாம் கைடிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

அப்பா என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “என் காலத்துல மொத தடவையா கடைமடைக்காரன் தலைமடைக்காரனுக்குத் தண்ணி காட்டிட்டான்” என்றார். அந்த மேடமும் சிரித்துவிட்டார்.

அங்கேயிருந்தே கைடுக்குப் போன் போட்டுக் கொடுத்தார் மேடம். மறுமுனையில் நெடுநேரம் இருமல். சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் போட்டு வைத்தாராம், என் முறை வந்ததும் எடுத்துவிட நினைத்து மறந்துவிட்டாராம். அவங்க மட்டும் என்ன யோக்கியமா என்று வேறு கேட்டார். கைடை அதட்டிய முதல் மாணவி எங்கள் கல்லூரியில் நானாகத்தான் இருப்பேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் நிறுத்தினார். திரையில் நான்காவது லேபும் காலியாகி, ஒரு மூச்சு நேரத்தில் நான்கிலும் என் கணக்கு நிரம்பியது. மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாய்க்காலோடு கூடவே ஓடுவோம். எனக்கு அன்று எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது.

முறையும் வேண்டாம் கிறையும் வேண்டாம், ஊர் கூடித்தானே தேர் இழுக்க வேண்டும், கல்லூரி திறக்கிறவரை நான்கு லேபும் என் கணக்குக்கே என்று மேடம் மற்றவர்களிடம் பேசி முடித்தார். அடுத்த வருஷத்திலிருந்து மிஷினே பங்கு பிரிக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார். கைடு தினமும் லேபுக்கு மெதுவடை வாங்கி வந்து பாவத்தைக் கழுவிக்கொண்டார். நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, வடையை மட்டும் சாப்பிட்டேன். கல்லூரி திறப்பதற்குச் சற்று முன்னால் கணக்கு முடிந்தது. ஜெர்மனி நிச்சயமாயிற்று.

வரைபடத்தைப் பார்க்க அப்பாவைக் கூட்டி வந்தேன். அவர் மதகில் உட்கார்ந்து வாங்கிய தண்ணீர் அல்லவா, அவருக்குத்தானே முதலில் காட்ட வேண்டும். நல்ல தண்ணீர் நீலம், உப்பு ஏறப்போகும் இடம் சிவப்பு. ஆறு எங்கே, ரயில் ரோடு எங்கே, மாதா கோயில் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விரலை வைத்து வைத்து வந்தார். குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தார்.

“நம்ம வயலு எந்தப் பக்கம்?”

எனக்கு முன்பே தெரியும். வேண்டுமென்றால் ஓரத்தில் இருக்கிறது, சொல்வதற்கில்லை என்று மழுப்பியிருக்கலாம். வாய் வரவில்லை. விரலைப் பிடித்துச் சிவப்பில் வைத்தேன். வாய்க்கால் தண்ணீர் வருவதற்கு முன்னால் நாற்றங்காலுக்கு எங்கள் வயலில் இருந்த போர்க்கிணற்றுத் தண்ணீரைத்தான் நம்பியிருந்தோம். அப்பா விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதைத் தெரிஞ்சிக்கவா நாம ரெண்டு பேரும் ஊர் ஊராப் போயி குந்தினோம்?” என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “தப்பு பாப்பா. உன் கணக்கு தப்பு.”

அந்த வார்த்தை எனக்கு இனித்தது அன்றைக்குத்தான்.

ஜெர்மனிக்குப் போனேன். ஞாயிறு பூசை முடிந்ததும் போன் வரும். ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரே செய்தி. வெளஞ்சிருக்கு, உன் கணக்கு தப்பு. என் தொழிலில் கணிப்பு பொய்த்தால் தலையைத் தொங்கப்போட வேண்டும். நான் அன்றைக்கெல்லாம் பாயசம் வைத்து, கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். என்ன விசேஷம் என்று கேட்பார்கள். என் ஆய்வேடு தப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பேன். அவர்களுக்குப் புரியாது. எங்கே, எனக்கே அறிவுப்பூர்வமாகப் புரியவில்லை. தப்பாகவே போகட்டும் மாதாவே என்று மெழுகுவர்த்தி வைத்த விஞ்ஞானி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு வருஷம் அறுவடைக்கு ரொம்ப முன்னாலேயே போன் வந்தது. குளிர் எப்படி என்று கேட்டார். சாப்பாடு எப்படி என்று கேட்டார். நாற்றங்கால் விட்டாச்சா அப்பா என்று நான் கேட்டேன். விட்டது கருகிப்போச்சு என்றார், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி. அவரே மேலே சொன்னார்.

“கணக்கு சரிதான் பாப்பா. நல்லாப் போட்டிருக்க.”

மூன்றாம் வகுப்பிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை.

“இல்லப்பா, தப்பாத்தான் இருக்கும்” என்றேன். “இன்னொரு தடவை போட்டுப் பாக்குறேன்.”